பழைய ஷெவெல்லுக்குள் எல்எஸ் இன்ஜின்: ஒயரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970 ஷெவர்லே ஷெவெல் ஒன்றில், 2002 சில்வராடோ டிரக்கிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் இன்ஜினை நானும் ஒரு நண்பரும் பொருத்தினோம். இன்ஜினை இறக்கி மவுண்டில் உட்காரவைக்க இரண்டு வார இறுதிகள் போதுமாயிருந்தன. ஒயரிங்குக்கு ஒரு பனிக்காலம் முழுக்கப் போயிற்று. அதில் பாதி நாங்களே தேடிக்கொண்ட வினை. அதன்பிறகு இதே வேலையில் இறங்கிய நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. எடுத்துக்காட்டு ஷெவெல்தான் என்றாலும், அதே காலத்து கமாரோ, நோவா வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எல்எஸ்6 என்பது 1970-லேயே இருந்ததே, நீங்கள் சொல்லும் எல்எஸ் எது?

குழப்பம் நியாயமானதுதான். 1970 ஷெவெல் எஸ்எஸ் காரில் வந்த எல்எஸ்6, கார்புரேட்டர் வைத்த 454 கன அங்குல பிக் பிளாக். 450 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள். 2001 கார்வெட் இசட்06-இல் அதே பெயரோடு வந்தது 5.7 லிட்டர் அலுமினிய இன்ஜின், 385 குதிரைத்திறன். பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இங்கே எல்எஸ் என்று சொல்வது 1997 கார்வெட்டில் எல்எஸ்1 ஆகத் தொடங்கி, 1999 முதல் டிரக்குகளில் 4.8, 5.3, 6.0 லிட்டர்களாகப் பரவிய குடும்பத்தை. ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. சிலிண்டருக்கு ஒரு காயில், ஒரு இன்ஜெக்டர், எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு கம்ப்யூட்டர். பழைய இரும்புக் கடைகளில் அதிகம் கிடைப்பது டிரக் 5.3. வேறு எதுவும் குறிப்பிடாத இடங்களில், நீலம், சிவப்பு என்று இரண்டு பிளக் உள்ள 2001-2002 டிரக் கம்ப்யூட்டரை, பாகத்தின் எண்ணை வைத்து எல்லோரும் '0411' என்று அழைக்கிறார்களே, அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

காரின் பழைய ஒயரிங் முழுவதையும் பிய்த்துப் போட வேண்டுமா?

வேண்டாம். முதலில் தெளிய வேண்டிய விஷயம் இதுதான். காரின் ஒயரிங் ஒரு வீடு, இன்ஜினின் ஒயரிங் பக்கத்து வீடு. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் எவையும் இன்ஜின் கம்ப்யூட்டரைக் கேட்டு வேலை செய்வதில்லை. இன்ஜினின் சென்சர்களுக்கும் உங்கள் ஹெட்லைட்டைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சின்ன வாசல் போதும். அந்த வாசல் வழியாகப் போகும் ஒயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒன்று, பேட்டரியிலிருந்து எப்போதும் உயிரோடு இருக்கும் 12 வோல்ட். ஆரஞ்சு ஒயர், நீல பிளக்கின் 20, 57-ஆம் பின்கள். இரண்டு, சாவி போட்டால் வரும் 12 வோல்ட். ரோஸ் ஒயர், நீல பிளக்கின் 19-ஆம் பின். மூன்று, எர்த். நான்கு, பெட்ரோல் பம்ப் ரிலேவை (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இயக்கும் ஒயர். ஐந்து, ரேடியேட்டர் ஃபேன் ரிலேக்களுக்குப் போகும் இரண்டு. பிறகு டாக்கோமீட்டர், செக் இன்ஜின் லைட், ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட். அவ்வளவுதான். ஸ்டார்ட்டருக்குப் போகும் ஊதா ஒயர்கூட பழைய காருடையதே; கம்ப்யூட்டருக்கு அதில் வேலை இல்லை. ஊதா ஒயரின் வழியில் இருக்கும் நியூட்ரல் சுவிட்சையும் அப்படியே விட்டுவிடுங்கள், கியரில் இருக்கும்போது செல்ஃப் அடிக்காமல் காப்பது அதுதான்.

பழைய ஒயரின் உறை வெடித்து, தொட்டால் உதிர்கிறது என்றால் அது வேறு கதை. ஐம்பது வருடத்துக்கு மேலான பிளாஸ்டிக். அப்போது காரின் ஒயரிங்கையும் மாற்றுங்கள். அமெரிக்கன் ஆட்டோவயர், பெயின்லெஸ் போன்றவர்கள் இந்தக் கார்களுக்கென்றே முழு ஹார்னஸ், அதாவது பிளக்குகளோடு சேர்ந்த ஒயர் கட்டு, விற்கிறார்கள். ஆனால் அதை இன்ஜின் மாற்றத்தோடு ஒரே மூச்சில் செய்யாதீர்கள். பழைய இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காரின் ஒயரிங்கை மாற்றி, எல்லா லைட்டும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததில் கைவையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால், பழுது எந்த வீட்டில் என்றே தெரியாது.

சாவி போட்டால் வரும் 12 வோல்ட்டை எங்கிருந்து எடுப்பது? பழைய காயிலுக்குப் போன ஒயர் போதாதா?

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இந்த ஒரு ஒயரைப் பற்றியது. 'சாவி போட்டால் மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது, ஆனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை, ஆனாலும் இருமுகிறது' என்பார்கள்.

பழைய பாயிண்ட் இக்னிஷன் காயில் முழு 12 வோல்ட்டைத் தொடர்ந்து தாங்காது, பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சிறு சுவிட்ச்) கருகிவிடும். அதனால் அந்தக் காலத்து ஜிஎம் (ஷெவர்லேயின் தாய் நிறுவனம்) கார்களில் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கார் உள்புறத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) இருந்து காயிலுக்குப் போகும் ஒயரையே மின்தடை உள்ள ஒயராகப் போட்டிருப்பார்கள். துணி உறை போட்டது மாதிரி, மற்ற ஒயர்களைவிடச் சற்று விறைப்பாக இருக்கும். இன்ஜின் ஓடும்போது காயிலுக்கு 8, 9 வோல்ட் அளவில்தான் போகும். செல்ஃப் அடிக்கும் சில விநாடிகளுக்கு மட்டும் ஸ்டார்ட்டர் சோலினாய்டின் 'ஆர்' முனையிலிருந்து இன்னொரு மஞ்சள் ஒயர் முழு வோல்ட்டையும் கொண்டுவரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மின்தடை ஒயரின் முனையில் எந்தச் சுமையும் இல்லாமல் மல்டிமீட்டரை வைத்தால் அது முழு பேட்டரி வோல்ட்டைத்தான் காட்டும். மின்னோட்டமே இல்லாத இடத்தில் தடை என்ன செய்யும்? மீட்டர் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் தப்பு. அந்த முனையில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பைக் கட்டி, அது எரியும்போது அளந்து பாருங்கள். வோல்ட் படுத்துவிட்டால் அது மின்தடை ஒயர். கம்ப்யூட்டருக்கும் எட்டு காயிலுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது சோதனை: ஸ்டார்ட்டரில் இருந்து ஊதா ஒயரைக் கழற்றிவிட்டு, சாவியைச் செல்ஃப் நிலைக்குத் திருப்பிப் பிடியுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த ஒயரில் அப்போதும் 12 வோல்ட் நிற்கிறதா? ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் பல முனைகள் செல்ஃப் அடிக்கும்போது செத்துவிடும்; ரேடியோ, ஹீட்டருக்கு அது பரவாயில்லை. கம்ப்யூட்டருக்கு அந்த முனையிலிருந்து கொடுத்தால், செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், சாவியை விடும் அந்தக் கணத்தில் மட்டும் இன்ஜின் ஒருமுறை இருமும். இந்த அறிகுறியைக் கேட்டால் வேறு எதையும் பார்க்காதீர்கள், இதைப் பாருங்கள்.

என் வழி இது: 1969-இலிருந்து இந்தக் கார்களில் சாவி சுவிட்ச் ஸ்டியரிங் தண்டுக்கு வந்துவிட்டது. அங்கே, மின்தடை தொடங்குவதற்கு முன்னால், ஓட்டத்திலும் செல்ஃபிலும் உயிரோடிருக்கும் ரோஸ் ஒயரில் இருந்து ஒரு கிளை எடுத்து, அதை ஒரு ரிலேவின் காயிலுக்கு மட்டும் கொடுக்கிறேன். கம்ப்யூட்டர், இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், ஏர்ஃப்ளோ மீட்டர், ஆக்சிஜன் சென்சர் ஹீட்டர் எல்லாவற்றுக்கும் பேட்டரியில் இருந்து நேரே வந்து அந்த ரிலே வழியாகப் போகும் புது ஒயர், தனித்தனி ஃபியூஸ்களோடு. கம்ப்யூட்டருக்கு 10 ஆம்பியர், ஒரு பக்கத்து நான்கு காயில்-இன்ஜெக்டருக்கு 15, மறுபக்கத்துக்கு 15. பழைய சாவி சுவிட்ச் தூக்கும் சுமை ஒரு ஆம்பியருக்கும் குறைவு. ஐம்பது வயது சுவிட்சுக்கு அது போதும்.

ரிலே எல்லாம் ஒரே மாதிரிதானே? பம்ப் ஓடுகிறது, ஃபேன் மட்டும் ஓடவில்லை.

ரிலே ஒன்றுதான். கம்ப்யூட்டர் அதை இயக்கும் விதம்தான் வேறு. பெட்ரோல் பம்ப் ரிலேவுக்குக் கம்ப்யூட்டர் 12 வோல்ட் அனுப்புகிறது: சிவப்பு பிளக், 9-ஆம் பின், வெள்ளைக்கோடு போட்ட கரும்பச்சை ஒயர். ரிலே காயிலின் மறுமுனை எர்த்துக்குப் போக வேண்டும். ஃபேன் ரிலேக்களில் நேர் எதிர். கம்ப்யூட்டர் எர்த்தைத்தான் கொடுக்கிறது: அதே பிளக்கின் 42, 33-ஆம் பின்கள். மறுமுனையில் சாவி போட்டால் வரும் 12 வோல்ட் இருக்க வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றதைக் கட்டினால் நிச்சயம் ஒன்று வேலை செய்யாது.

ஒயரிங் சரியாக இருந்தும் ஃபேன் ஓடாததற்கு இன்னொரு காரணம், அந்த டிரக்குகளில் இன்ஜின் பெல்ட்டிலேயே சுற்றும் ஃபேன்தான் இருந்தது. கம்ப்யூட்டரின் மென்பொருளில் மின்சார ஃபேன் என்ற வசதியே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். டியூன் செய்பவரிடம், அதாவது கம்ப்யூட்டரின் மென்பொருளைத் திருத்தித் தருபவரிடம், சொல்லி அதைத் திறந்து, எத்தனை டிகிரியில் ஓட வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

பம்ப்பை நேரடியாகச் சாவியிலிருந்து ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. சாவி போட்டதும் கம்ப்யூட்டர் பம்ப்பை இரண்டு விநாடி ஓட்டி நிறுத்தும். இன்ஜின் சுற்றுவது தெரிந்தால்தான் மறுபடி ஓட்டும். வண்டி மோதி இன்ஜின் நின்றுபோனால் பம்ப்பும் நிற்கும். சாவியிலிருந்து கட்டிவிட்டால், உடைந்த குழாயில் 58 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பழைய மெக்கானிக்கல் பம்ப் கொடுத்ததோ ஐந்து, ஆறு பிஎஸ்ஐதான்; அந்தக் காலத்துத் துணிச்சல் இங்கே ஆகாது.

பம்ப் டிக்கி பக்கத்தில் இருப்பதால் ஒயர் நீளம் அதிகம். 10 கேஜ் போடுங்கள். ரிலேவைப் பின்பக்கமே வைத்தால் இன்னும் நல்லது.

டிரக்கோடு வந்த ஹார்னஸைத் திருத்துவதா, புதிதாக வாங்குவதா?

நேரம் இருந்து, ஒயரிங் வரைபடம் படிக்கப் பொறுமையும் இருந்தால் திருத்துங்கள். சமையலறை மேசையில் ஹார்னஸை விரித்து, டேப்பை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு ஒயருக்கும் பேப்பர் டேப்பில் பெயர் எழுதி ஒட்டி, வேண்டாததைப் பிளக்கின் பின்னோடு சேர்த்து உருவ வேண்டும். நடுவில் வெட்டிவிட்டு முனையைத் தொங்கவிட்டால் அது என்றைக்காவது ஒருநாள் பாடிமேல் உரசும். வீட்டில் இருப்பவர்களின் பொறுமையும் இதில் சேர்த்தி; எங்கள் மேசையில் மூன்று வாரம் யாரும் சாப்பிடவில்லை.

உருவலாம் என்பவை: பெட்ரோல் டேங்க்கின் ஆவிக் கட்டுப்பாடு, டேங்க் அளவு, நான்கு சக்கர ஓட்டத்துக்கான ஒயர்கள். உருவக் கூடாதவை: முன்பக்க ஆக்சிஜன் சென்சர் இரண்டும், இன்ஜினுக்குள் பெட்ரோல் தவறாக வெடித்துத் தட்டுவதைக் கேட்கும் நாக் சென்சர் இரண்டும். நாக் சென்சர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பயந்துபோய் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும், இன்ஜின் மந்தமாகிவிடும்.

இன்ஜெக்டர் ஒயர்களில் ஒரு எச்சரிக்கை. பழைய ஸ்மால் பிளாக்கின் தீப்பிடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. எல்எஸ் வரிசை 1-8-7-2-6-5-4-3. பழைய வரிசை மனப்பாடமாக இருப்பவர்கள் நல்லெண்ணத்தோடு ஒயரை 'சரி' செய்துவிடுகிறார்கள். சிலிண்டர் எண்ணை மட்டும் பார்த்துச் செருகுங்கள், வரிசையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

ஹார்னஸ் ஏற்கெனவே வெட்டுப்பட்டு வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், புதிது வாங்குங்கள். ஹோலி டெர்மினேட்டர் எக்ஸ் போல கம்ப்யூட்டரும் ஹார்னஸும் சேர்ந்த பெட்டி வாங்குவதும் ஒரு வழி. கேம் ஷாஃப்ட், டர்போ என்று பெரிய திட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும். சும்மா ஓட்டி மகிழ்வதற்கு ஜிஎம் எழுதிய கம்ப்யூட்டரே நல்லது என்பது என் கட்சி. குளிரில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆவதற்குப் பின்னால் அவர்கள் பல வருடம் உழைத்திருக்கிறார்கள்.

என் இன்ஜினுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒத்துப்போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிராங்க் சென்சரின் நிறத்தைப் பாருங்கள். ஸ்டார்ட்டருக்குப் பின்னால் இருக்கும். கறுப்பு என்றால் கிராங்க்கில் 24 பல் சக்கரம், மூன்றாம் தலைமுறை. சாம்பல் என்றால் 58 பல், நான்காம் தலைமுறை. 0411 கம்ப்யூட்டருக்கு 24 தான் புரியும். கேம் சென்சரும் காட்டிக்கொடுக்கும்: மூன்றாம் தலைமுறையில் பிளாக்கின் பின்பக்கம் மேலே, நான்காம் தலைமுறையில் முன்பக்கம் டைமிங் கவரில். யாரோ மாற்றிய சென்சராக இருக்கலாம் என்பதால் இரண்டையும் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகிறது, இரண்டே விநாடியில் அணைந்துவிடுகிறது. பெட்ரோல் இருக்கிறது, ஸ்பார்க்கும் இருக்கிறது.

திருட்டுத் தடுப்பு. டிரக்கின் பாடியில் இருந்த இன்னொரு பெட்டி 'இது சரியான சாவிதான்' என்று சொன்னால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களைத் தொடர்ந்து இயக்கும். அந்தப் பெட்டி இப்போது இரும்புக் கடையில். ஒயரில் எதைச் செய்தாலும் சரியாகாது. ஹெச்பி டியூனர்ஸ், ஈஎஃப்ஐ லைவ் போன்ற மென்பொருளால் அந்தச் சோதனையை அணைக்க வேண்டும். பின்பக்க ஆக்சிஜன் சென்சர், கியர்பாக்ஸ் வகை, ஃபேன் எல்லாவற்றையும் அதே சமயத்தில் திருத்திக்கொள்ளுங்கள், ஒரே செலவு.

எர்த் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

பயமுறுத்துவது போதாது என்பேன்.

எங்கள் ஷெவெல் முதல் நாளே ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஹெட்லைட் போட்டால் இன்ஜின் சூடு பத்து டிகிரி ஏறும், அணைத்தால் இறங்கும். இண்டிகேட்டர் போட்டால் ஐடிலிங் அதோடு தாளம் போடும். சென்சர் மாற்றினோம். இரண்டாவது சென்சர் மாற்றினோம். கம்ப்யூட்டரையே சந்தேகப்பட்டு இன்னொன்று கடன் வாங்கினோம். கடைசியில் பார்த்தால், ஃபயர்வாலில் எர்த் ஒயரை முறுக்கிய இடத்தில் நான் ஆசையாக அடித்த புது பெயிண்ட். போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் எர்த் கசிந்துகொண்டிருந்தது. பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரியும்படி தேய்த்து, மறுபடி முறுக்கினோம். ஐந்து நிமிட வேலைக்கு மூன்று வாரம் அலைந்தோம்.

பழைய இன்ஜினுக்கு எர்த் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஓடும். புதிய இன்ஜினின் சென்சர்கள் 5 வோல்ட்டில் வேலை செய்கின்றன, அதில் கால் வோல்ட் என்பது பெரிய பொய். அதோடு இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் உலோகத் தொடர்பு தானாக வராது. எர்த் ஒயர் இல்லாவிட்டால் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பும். கேபிள் சூடாகி இறுகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

போட வேண்டியவை: பேட்டரி நெகட்டிவில் இருந்து இன்ஜின் பிளாக்குக்குத் தடிமனான கேபிள், இன்ஜின் தலையின் பின்பக்கத்திலிருந்து ஃபயர்வாலுக்கு ஒரு பின்னல் பட்டை, பிளாக்கில் இருந்து ஃபிரேமுக்கு ஒன்று, பேட்டரியில் இருந்து பாடிக்கு ஒன்று. கம்ப்யூட்டரின் எர்த் ஒயர்கள், இரண்டு பிளக்கிலும் 1, 40-ஆம் பின்கள், ஜிஎம் செய்தபடியே இன்ஜின் தலையின் பின்னால் உள்ள துளையில் முறுக்கப்பட வேண்டும், ஃபயர்வாலில் அல்ல.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கொம்பிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பிறகு ஹெட்லைட்டும் ஃபேனும் ஓடும்போது பாடிக்கும் பேட்டரிக்கும் நடுவே அதே மாதிரி அளந்து பாருங்கள்.

ஆல்டர்னேட்டரில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

1970 ஷெவெல்லின் ஆல்டர்னேட்டர் சாதாரண மாடலில் 37 ஆம்பியர், அதிகம் போனால் 61. வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் தனியாக வெளியே இருக்கும். டிரக்கில் வந்தது 105 அல்லது 145 ஆம்பியர், ரெகுலேட்டர் உள்ளேயே. ஆகவே பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிடலாம். பழைய சார்ஜிங் ஒயர் ஹார்ன் ரிலேவின் பக்கத்தில் உள்ள இணைப்புப் பட்டைக்குப் போகிறது. அது இந்த அளவு மின்னோட்டத்துக்குச் செய்யப்பட்டதில்லை. ஆல்டர்னேட்டரில் இருந்து பேட்டரிக்கு நேரே 4 கேஜ் ஒயரைத் தகுந்த ஃபியூஸோடு போடுங்கள். பழைய பட்டைக்குப் பேட்டரியில் இருந்து வரும் ஃபியூசிபிள் லிங்க்கை (ஃபியூஸ் போல உருகும் ஒயர்த் துண்டு) அப்படியே விடுங்கள். காரின் வீட்டுக்கு அதுதான் மெயின்.

ஆல்டர்னேட்டரின் நான்கு பின் சாக்கெட்டில் 'எல்' என்ற முனைக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் ரெகுலேட்டர் போய்விடலாம். பழைய காரின் பழுப்பு ஒயர், டேஷ்போர்டின் சார்ஜிங் பல்பு வழியாக வருவது, அதற்குப் பொருந்தும். பல்புதான் அங்கே மின்தடை. பல்பு இல்லாத கார் என்றால் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் வையுங்கள். சாவியை எடுத்தும் இன்ஜின் நிற்காமல் ஓடுகிறது என்றால், ஆல்டர்னேட்டரில் இருந்து இந்த ஒயர் வழியாக மின்சாரம் திரும்பி வந்து இக்னிஷன் ரிலேவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு டயோடு போட்டால் தீரும்.

அம்மீட்டர் உள்ள ஷெவெல்லில் இந்த மாற்றத்துக்குப் பிறகு அது அர்த்தமில்லாமல் ஆடும். வோல்ட்மீட்டராக மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய மீட்டர்கள் வேலை செய்யுமா?

செய்யவைக்கலாம், அதில் ஒரு அழகும் உண்டு. சூட்டுமானிக்கு, சூட்டை உணர்ந்து அனுப்பும் பழைய ஒற்றை ஒயர் சென்டரே (sender) வேண்டும். கம்ப்யூட்டரின் சென்சரைப் பகிர்ந்துகொள்ள முடியாது. வலப்பக்கத் தலையின் பின்னால் அடைத்து வைத்த ஒரு துளை இருக்கிறது, எம்12 மரை; அடாப்டர் போட்டு அங்கே பொருத்தலாம். இன்ஜினை இறக்கும் முன்பே செய்துவிடுங்கள், பிறகு கை நுழையாது.

டாக்கோமீட்டர் முன்பு ஒற்றைக் காயிலின் நெகட்டிவை எண்ணியது. இப்போது எட்டு காயில். கம்ப்யூட்டரின் சிவப்பு பிளக் 10-ஆம் பின், வெள்ளை ஒயர், அதற்கான சிக்னலைத் தருகிறது. ஆனால் நான்கு சிலிண்டர் கணக்கில், ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. பழைய வி8 மீட்டர் நான்கு கேட்கும், பாதி வேகம்தான் காட்டும். டியூனில் மாற்றலாம். சிக்னல் பலமில்லை என்றால் 12 வோல்ட்டுக்கும் அந்த ஒயருக்கும் நடுவே சில ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று.

ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுவது. புது கியர்பாக்ஸில் கேபிள் செருக இடமில்லை. மின் துடிப்பைப் பெற்று ஒரு சிறு மோட்டாரால் கேபிளைச் சுழற்றும் பெட்டி கிடைக்கிறது, விலை கொஞ்சம் கடிக்கும்.

கேபிள் ஆக்சிலரேட்டரா, எலக்ட்ரானிக்கா?

கேபிள். 2003 முதல் பெரும்பாலான டிரக்குகளில் எலக்ட்ரானிக் பெடல் வந்துவிட்டது. மூன்றாம் தலைமுறையில் பெடல், நடுவே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே வண்டியில் இருந்து ஜோடியாக வர வேண்டும். எலக்ட்ரானிக்தான் கிடைத்தது என்றால், இன்ஜின் வாங்கும்போதே பெடலையும் அந்தப் பெட்டியையும் கேட்டு வாங்கிவிட்டால் தலைவலி இல்லை.

கியர்பாக்ஸ்?

டிரக்கின் 4எல்60ஈ ஆட்டோமேட்டிக்கையே வைத்தால் அதே கம்ப்யூட்டர் அதையும் பார்த்துக்கொள்ளும், ஹார்னஸில் ஏற்கெனவே ஒயர் இருக்கிறது. பழைய டிஹெச்350, அல்லது கைக் கியர் என்றால் அந்த ஒயர்களை உருவிவிட்டு டியூனில் சொல்லிவிடுங்கள்.

சால்டர் வைப்பதா, கிரிம்ப் செய்வதா? கம்ப்யூட்டரை எங்கே வைப்பது?

சரியான பிளையரால் செய்த கிரிம்ப், அதன்மேல் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க். சால்டர் வைத்த ஒயர் வைத்த இடத்தின் ஓரத்தில் விறைத்து, அதிர்வில் அங்கேயே முறியும். கடையில் கிடைக்கும் நீல, சிவப்பு பிளாஸ்டிக் கிரிம்ப் முனைகளை வீட்டு ரேடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒயர் வாங்கும்போது குறுக்கிணைப்பு உறை கொண்ட ஜிஎக்ஸ்எல், டிஎக்ஸ்எல் வகை. சாதாரண பிவிசி எக்ஸாஸ்ட் பக்கத்தில் உருகும்.

0411 டிரக்கில் பானெட்டுக்குள்தான் இருந்தது. வெப்பம், தண்ணீர் தாங்கும். நான் உள்ளே, டேஷ்போர்டுக்குக் கீழே வைத்தேன், இன்ஜின் பக்கம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும். எங்கே வைத்தாலும், காரில் வெல்டிங் செய்யும் நாளில் இரண்டு பிளக்கையும் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிடுங்கள்.

என்னுடையது ஷெவர்லே இல்லை. டாட்ஜ், ஃபோர்டு?

தத்துவம் அதே. 1968-70 டாட்ஜ் சார்ஜர் போன்ற மோபார் (கிரைஸ்லர் குடும்ப) கார்களில் ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள்: அவற்றில் சார்ஜிங் மின்னோட்டம் முழுவதும் ஃபயர்வால் கனெக்டர் வழியாக உள்ளே வந்து, டேஷ்போர்டு அம்மீட்டருக்குள் புகுந்து, திரும்ப வெளியே போகிறது. பழைய சிறு ஆல்டர்னேட்டருக்கே அந்த முனைகள் கருகும். புதிய ஹெமி இன்ஜினின் ஆல்டர்னேட்டரை அதோடு கட்டினால் டேஷ்போர்டுக்குள் தீயை வைத்துக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். அம்மீட்டரைத் தாண்டிப் போகும்படி மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஃபோர்டு மஸ்டாங்கில் 2011-இல் வந்த கொயோட்டி இன்ஜினை வைப்பவர்களுக்கு ஃபோர்டே கண்ட்ரோல் பேக் (கம்ப்யூட்டரும் ஹார்னஸும் சேர்ந்த பெட்டி) விற்கிறது. சாவி ஒயர் மின்தடை அங்கேயும் உண்டு, அதே ஹெட்லைட் பல்பு சோதனை.

பின்பக்க ஆக்சிஜன் சென்சரை எடுத்தால் சட்டச் சிக்கல் வருமா?

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976-இல் இருந்து தொடங்கும் கார் என்றால், புது இன்ஜினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் எல்லாம் கூடவே வர வேண்டும். ஒயரை உருவும் முன் அதைப் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எதைப் பார்ப்பது?

பேட்டரியை இணைக்கும் முன், நெகட்டிவ் கேபிளுக்கும் கொம்புக்கும் நடுவே ஒரு டெஸ்ட் லேம்ப்பை வையுங்கள். சாவி இல்லாமல் அது பளீரென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லை என்றாலோ இணைக்கலாம். அந்த லேம்ப்பைச் சென்சர் ஒயர்களில் மட்டும் குத்தாதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டம் கம்ப்யூட்டருக்கு ஆகாது.

சாவி போடுங்கள். செக் இன்ஜின் லைட் எரிகிறதா? எரிந்தால் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்துவிட்டது. பம்ப் இரண்டு விநாடி முனகி நிற்கிறதா? ஸ்கேனரைச் செருகுங்கள், சாக்கெட்டில் 16-இல் பேட்டரி, 4, 5-இல் எர்த், 2-இல் கம்ப்யூட்டரின் தகவல் ஒயர், வேறொன்றும் வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சென்சர், அல்லது அதன் பிளக். பல சென்சர்கள் ஒரே நேரத்தில் பைத்தியமானால் ஒவ்வொன்றையும் மாற்றாதீர்கள். பொதுவான 5 வோல்ட் ஒயரை ஏதோ ஒன்று கீழே இழுக்கிறது. ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றியதும் மற்றவை தெளிகின்றனவோ அதுதான் குற்றவாளி.

ஓடிவிட்டது. ஆனால் செக் இன்ஜின் லைட் அணையவில்லை, பி1336 என்று வருகிறது.

இன்ஜினையும் கம்ப்யூட்டரையும் முதல்முறை சேர்த்தால் வருவது. கிராங்க் சக்கரத்தின் நுண்ணிய வேறுபாடுகளைக் கம்ப்யூட்டர் ஒருமுறை கற்றுக்கொள்ள வேண்டும். மிஸ்ஃபயர் கண்டுபிடிக்க அது தேவை. டியூனிங் மென்பொருளிலோ நல்ல ஸ்கேனரிலோ அதற்கென்று ஒரு கட்டளை உண்டு. இன்ஜின் சூடான பிறகு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது சொல்லும்படி ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். இன்ஜின் தானாகவே வெட்டும், உடனே காலை எடுத்துவிடுங்கள். அது செய்யும்வரை கார் ஓடுவதில் குறை ஒன்றும் இல்லை. எங்கள் ஷெவெல் அந்த லைட்டோடேயே ஒரு கோடைக்காலம் ஓடியது.